ஆளைக் கொத்தும் சாவல்

குமரி மாவட்டத்தின் சி.எஸ்.ஐ. ஆலயங்களில் அறுப்பின் பண்டிகை ஏலம் நடக்கும்போது வாழைக்குலை, தேங்காய், பலாப்பழம், மரச்சீனிக் கிழங்கு இவற்றுக்கு நடுவே ஒரு சாவலும் வந்துவிடும். (சேவல் என்பது எழுத்தில்தான், நாகர்கோவில் பேச்சில் அது சாவல், விளவங்கோடு பக்கம் போனால் பூவன். இந்தக் கட்டுரைக்குச் சாவலே போதும்.) இரண்டு காலையும் சேர்த்துக் கட்டி உயர்த்திப் பிடித்திருப்பார்கள். ஏலம் கேட்பவர்கள் கொண்டையின் சிவப்பைப் பார்ப்பார்கள், வாலைப் பார்ப்பார்கள், ஒருவர் மார்பெலும்பைத் தடவி மனதுக்குள் எடைக் கணக்குப் போடுவார். குணத்தை மட்டும் யாராலும் பார்க்க முடியாது. கால் கட்டிய சாவல் எல்லாமே சாதுதான். கறிக்கு எடுப்பவருக்கு அதனால் நஷ்டமில்லை. பெட்டைகளோடு விடலாம் என்று எடுத்துப் போகிறவர்தான் இரண்டு மாதம் கழித்து, காலையில் கூடு திறக்கப் போகும்போது கையில் வாரியலோடு போக வேண்டியிருக்கும்.

அப்போது வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: இது சண்டைக்காரச் சாவலா? அந்தக் கேள்வியே பிழை என்பது என் வாதம். சாவலின் சண்டைக்குணம் ஒற்றைச் சரக்கு இல்லை. இன்னொரு சாவலிடம் காட்டும் முறைப்பு ஒன்று, பெட்டையிடம் காட்டும் முரட்டுத்தனம் வேறொன்று, மனிதர் மேல் பாய்வது மூன்றாவது. ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்று கட்டாயமில்லை; ஒன்று இல்லாததால் மற்றது வராது என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. நம் பேச்சிலேயே இந்தக் குழப்பம் ஊறிக் கிடக்கிறது. கண்டவரிடமெல்லாம் வம்புக்கு நிற்பவரைச் 'சண்டைக்கோழி' என்கிறோம். உண்மையான சண்டைக்கோழியான, களத்துக்கென்று வளர்க்கப்படும் அசில் சாவலோ வளர்ப்பவரின் மடியில் நகம் மடக்கி உட்கார்ந்திருக்கும். இந்த மூன்றையும் ஒன்றாகக் கட்டிப் பார்ப்பதால்தான் வைத்திருக்க வேண்டிய சாவல் குழம்புக்குப் போகிறது, குழம்புக்குப் போக வேண்டியது முற்றத்தில் நின்று பிள்ளைகளைத் துரத்துகிறது.

சாவலும் சாவலும் மோதுவதை முதலில் எடுத்துக்கொள்வோம். நமக்கு அதிகம் தெரிந்தது அதுதான். குறுந்தொகைக் காலத்திலேயே இது உவமையாகிவிட்டது. குப்பைமேட்டில் தாமாகவே மோதிக்கொள்ளும் கோழிகளைச் சொன்ன புலவருக்குச் சொந்தப் பெயர் மறைந்து குப்பைக் கோழியார் என்ற பெயரே நிலைத்தது. ஏவி விடுவாரும் இல்லை, விலக்கி விடுவாரும் இல்லை, தானாக ஓய்ந்தால்தான் உண்டு என்பது அவர் கவனித்தது. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு சண்டைக்கோழிக்கு நட்ட கல், ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டு வட்டெழுத்தோடு இருக்கிறது. இந்தச் சண்டைக்கு அடியில் ஓர் ஒழுங்கு ஓடுகிறது என்பதைக் கோழிகளைக் கணக்கெடுத்துச் சொன்னவர் நார்வேக்காரரான ஷெல்டரூப் எப்பே. யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை ஒவ்வொரு கூட்டத்திலும் உண்டு என்று 1921இல் அவர் எழுதினார். வரிசை முடிவானதும் சண்டை பெரும்பாலும் ஓய்ந்துவிடும். பிறகு ஒரு பார்வையும் ஓர் அடி விலகலும் போதும். விடியற்காலக் கூவலில்கூட இந்த வரிசை இருப்பதை 2015இல் ஜப்பானின் ஆய்வாளர்கள் காட்டினார்கள்: மூத்த இடத்துச் சாவல் முதலில் கூவும், மற்றவை தத்தம் இடத்தின் வரிசைப்படி தொடரும். ஆகவே மூன்று சாவல் உள்ள வீட்டில் முதலில் கூவுகிறவனைச் 'சேட்டைக்காரன்' என்று முடிவு கட்டுவது அவசரம். அவன் அந்தக் கூட்டத்தின் தலைவன், அவ்வளவுதான்.

இந்தப் போட்டிக்குணம் எங்கிருந்து வருகிறது என்பதும் பழைய செய்தி. 1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பெர்தோல்டு என்ற மருத்துவப் பேராசிரியர் ஆறு இளஞ்சாவல்களின் விரைகளை எடுத்தார். விரை இழந்தவை கொண்டை சுருங்கி, கூவலும் சண்டையும் மறந்து வளர்ந்தன. வயிற்றுக்குள் விரையைத் திரும்ப வைத்தவை வழக்கமான சாவல்களாகவே ஆயின. ரத்தத்தில் கலந்து ஓடும் ஏதோ ஒன்றுதான் இதைச் செய்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். ஹார்மோன் என்ற சொல்லே பிறக்காத காலம் அது. பெரிய சிவந்த கொண்டையைப் பார்த்து 'இவன் வீரியமானவன்' என்று ஏலத்தில் சொல்கிறவருக்கு இந்த அளவில் அறிவியல் துணை நிற்கும். அந்த வீரியம் யார் மேல் திரும்பும் என்பதைக் கொண்டை சொல்லாது.

அது சொல்லாது என்பதற்கு நல்ல சான்று கனடாவிலிருந்து கிடைக்கிறது. குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் சுசான் மில்மனும் இயன் டங்கனும் வெவ்வேறு இனச் சாவல்களை ஒப்பிட்டு 2000ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். சண்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த இனத்துச் சாவல், எதிரே ஒரு பொம்மைச் சாவலை வைத்தபோது மற்றவற்றைவிடக் கடுமையாகப் பாய்ந்தது. எல்லோரும் எதிர்பார்த்ததுதான். பெட்டைகளிடம் விட்டபோது கதை தலைகீழானது. சண்டையினச் சாவல் பெட்டைகளைத் துன்புறுத்தவில்லை. கறிக்கோழிக் குஞ்சுகளைத் தரும் பிராய்லர் தாய்மந்தைச் சாவல்தான் பெட்டைகளைத் துரத்திக் கொத்திக் காயப்படுத்தியது. சாவலிடம் வீரன் பெட்டையிடம் நல்லவனாகவும், சாவலிடம் சாது பெட்டையிடம் கொடியவனாகவும் இருக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. நம்மூர் அசில் வளர்ப்பவர்கள் படிப்பு இல்லாமலே இதன் மற்றொரு பாதியை அறிந்தவர்கள். தினமும் கையில் தூக்கி, உடம்பு பிடித்து விட்டு, தண்ணீர் காட்டி வளர்க்கும் பறவை வளர்ப்பவரையே எத்துமானால் அதை வைத்து வேலை செய்ய முடியாது. அப்படிப்பட்டது அங்கே நீடிப்பதில்லை. (சாவல்களை மோத விடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். களத்தின் நியாயம் பேச இந்தக் கட்டுரை வரவில்லை. பறவையின் குணத்தைப் பற்றி அங்கே சேர்ந்த அறிவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.)

பெட்டையிடம் சாவல் எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்க ஒரு பிடி நொய்யோ, அவித்த மரச்சீனியில் மிஞ்சிய இரண்டு துண்டோ போதும். சாவலின் முன்னால் போட்டுவிட்டு நகர்ந்து நிற்க வேண்டும். நல்ல சாவல் உடனே விழுங்காது. தலையைக் குனிந்து துண்டைக் கவ்வும், கீழே போடும், மறுபடி கவ்வும், போடும். தொண்டைக்குள் 'டொக் டொக் டொக்' என்று அடுக்கடுக்காக ஒரு சத்தம் வரும். கிளறிக்கொண்டிருந்த பெட்டைகள் கழுத்தை நீட்டி ஓடி வரும். முதலில் வந்தவளின் அலகுக்கு எதிரே அந்தத் துண்டு கிடக்கும். இவன் நிமிர்ந்து நின்று சுற்றுமுற்றும் பார்ப்பான். இது அழகுக்குச் சொல்லும் கதை இல்லை. ஆஸ்திரேலியாவின் மக்வாரி பல்கலைக்கழகத்தில் கிறிஸ் எவன்ஸும் அவரோடு இருந்தவர்களும் இந்த அழைப்பைப் பல ஆண்டு ஆராய்ந்தார்கள். இரை கிடைத்தது என்ற செய்தி அந்தச் சத்தத்தில் இருக்கிறது, பெட்டைகள் அதைப் புரிந்துகொண்டு தரையைத் தேடுகின்றன. சில சாவல்கள் ஒன்றுமே இல்லாமல் கூப்பிட்டு ஏமாற்றுவதும் உண்டு. அடிக்கடி ஏமாற்றுகிறவனின் கூப்பாட்டுக்குப் பெட்டைகள் வர மறுத்துவிடும். மாறாக, துண்டைத் தானே விழுங்கிவிட்டு, அருகில் வந்தவளின் கொண்டையைக் கவ்விப் பிடித்து ஏறுகிறவன் வேறு வகை. அவன் உள்ள கூட்டத்தில் பெட்டைகளின் முதுகைப் பார்த்தாலே தெரியும்: பிடரியிலும் இறக்கை மூட்டுக்கு மேலும் இறகு உதிர்ந்து தோல் தெரியும், கால்முள் கிழித்த கோடு விலாவில் இருக்கும். பகலெல்லாம் கூட்டின் மேலோ மரக்கிளையிலோ ஏறி நின்று இறங்க மறுக்கும் பெட்டை இருந்தால் அதுவும் ஒரு சாட்சி.

இங்கே ஒரு நியாயம் சொல்ல வேண்டும். மூன்று பெட்டைக்கு இரண்டு சாவல் என்று விட்டுவிட்டு முதுகில் இறகு இல்லை என்று சாவலைக் குறை சொல்வது சரியில்லை. எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சாவல் என்பது கால்நடைத் துறையும் கால்நடைப் பல்கலைக்கழகமும் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. நான்கே பெட்டை உள்ள வீட்டில் எவ்வளவு நல்ல சாவலும் நான்கு முதுகுகளைத்தான் மிதிக்கும். எண்ணிக்கையின் குற்றத்தைக் குணத்தின் குற்றம் என்று எழுதிவிடக் கூடாது.

மனிதர்மேல் பாய்வதுதான் மூன்றில் விசித்திரமானது. காட்டில் இது கிடையாது. பேச்சிப்பாறைக்கு மேலுள்ள மலைக்காட்டில் சாம்பல் காட்டுக்கோழிச் சாவல் தன் இனத்துச் சாவலோடு எல்லைக்காகச் சண்டை போடும். ஆள் நடக்கும் சருகுச் சத்தம் கேட்டால் புதருக்குள் மறைந்துவிடும். நம் வீட்டுக் கோழிக்கு முதன்மை மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி என்றாலும், காலிலும் தோலிலும் காணும் மஞ்சளை இந்தச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து பெற்றது என்பதை 2008இல் மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. இரண்டுமே மனிதனைக் கண்டால் ஓடுகிறவை. ஓடுகிற பறவைக்கு நம்மை எதிர்க்கும் எண்ணம் வர வழியில்லை. வீட்டுப் பறவையிடம் நாம் செய்தது அந்தப் பயத்தைக் கழற்றியது. பயம் போனது, போட்டிக்குணம் அப்படியே இருக்கிறது; இரண்டு காலில் முற்றத்தில் நடமாடும் பெரிய உருவத்தைச் சில சாவல்கள் இன்னொரு சாவலாகவே எடுத்துக்கொள்கின்றன. இதனால்தான் பிள்ளைகள் செல்லமாக, ஒற்றைக் குஞ்சாக, அடுக்களையில் வைத்து வளர்த்த சாவலே பிற்பாடு அந்தப் பிள்ளைகளைக் கொத்தும் அவலம் நடக்கிறது. மாட்டிலும் இது உண்டு. ஹெர்ஃபோர்டு இனக் காளைக்கன்றுகளைத் தனித்து அடைத்துக் கையால் ஊட்டி வளர்த்தால், கூட்டமாக வளர்ந்தவற்றைவிட அவை மனிதரிடம் அதிகம் மூர்க்கம் காட்டுகின்றன என்று 1990இல் அமெரிக்காவில் கண்டார்கள். குழைந்து பழகுவது வேறு, மதித்து விலகுவது வேறு. வீட்டுச் சாவலிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது இரண்டாவது.

அந்த மதிப்பு குறைந்துகொண்டே வருவதைப் பார்க்க முடியும். திடீரென்று பாய்ந்தது என்று சொல்வதில் பெரும்பாலும் பார்க்கத் தவறியதே அதிகம். கவனிக்க வேண்டியது விலகும் தூரம். முற்றத்தின் குறுக்கே சாவல் நிற்கும் இடத்தை நோக்கி இயல்பாக நடந்தால் நாலடி தூரத்திலேயே அது பாதை விடும். சில வாரத்தில் அது இரண்டடி ஆகும், பிறகு நகராமல் பக்கவாட்டில் திரும்பி நிற்கும். அடுத்து வருவதைத்தான் வீட்டார் தப்பாகப் படிக்கிறார்கள்: ஒரு பக்க இறக்கையைத் தரையில் தேய்கிற மாதிரி இறக்கி, சிறு சிறு அடி வைத்து நம் காலைச் சுற்றி அரைவட்டம் போடும். 'ஆடுது பாரு' என்று பிள்ளைகள் கைதட்டுவார்கள். பெட்டையைச் சுற்றி அது போடும் வட்டமும் இதே அசைவுதான், எதிரிச் சாவலை அளக்கும் வட்டமும் இதே அசைவுதான்; நம்மைச் சுற்றிப் போடும்போது இரண்டில் எதுவாக இருந்தாலும் நமக்கு நல்லதில்லை. அடுத்தது, நம் காலடியில் ஒன்றுமில்லாத தரையைக் கொத்துவது. தலை தாழும், கழுத்து இறகு குடை மாதிரி விரியும், கண் நம்மை விட்டு நகராது. அதற்கு மேல் அறிவிப்பு கிடையாது. இரண்டு காலையும் முன்னால் தூக்கி, முள்ளால் முழங்காலுக்குக் கீழே அடிக்கும். நாம் முதுகு காட்டிய நேரமே அதற்குப் பிடித்த நேரம்.

எல்லாப் பாய்ச்சலும் ஒரே வகை இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெட்டையைப் பிடிக்கிறோம், அது கீச்சிடுகிறது, சாவல் ஓடி வந்து எத்துகிறது. இது கூக்குரலுக்குப் பதில். யாரும் எதையும் தொடாதபோது, குடத்தோடு தண்ணீர் எடுக்கப் போகிறவரைப் பின்னாலிருந்து தாக்குவது குணம். காலில் கயிறு போட்டுத் தென்னையில் கட்டி வைத்த சாவலை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது; விலகிப் போக அதற்கு வழியே இல்லை, பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் ஈர்க்கிலால் குத்திப் பழக்கியும் இருப்பார்கள்.

எப்போது பார்ப்பது என்பதில்தான் நாம் பெரிதும் தவறுகிறோம். அடை வைத்த முட்டையில் பொரிப்பதில் ஏறத்தாழப் பாதி சாவல். பத்துக் குஞ்சில் ஐந்தை என்ன செய்வது என்ற முடிவை ஒவ்வொரு வீடும் எடுத்தே ஆக வேண்டும். நாட்டுச்சாவல் ஐந்தாறு மாதத்தில் விற்கும் எடைக்கு வந்துவிடும். நாலை விற்றுவிட்டு, பார்க்க வாட்டமாக, பெரிதாக இருப்பதை நிறுத்திக்கொள்வோம். கூவத் தொடங்கிய பிறகு, முள் நீண்டு, ஒரு வயதை நெருங்கும் மாதங்களில்தான் மனிதர்மேல் பாயும் குணம் வெளிப்படும். அதாவது குணம் தெரிவதற்கு முன்பே தேர்வு முடிந்துவிடுகிறது. இரண்டு உடன்பிறந்த சாவல்களை ஒரு வருடம் வரை சேர்த்து நிறுத்தினால் செலவு கொஞ்சம் கூடும், தேர்வு மட்டும் உண்மையான தேர்வாக இருக்கும். சேர்ந்தே வளர்ந்தவை தங்களுக்குள் வரிசையை முன்பே தீர்த்திருக்கும். பெட்டைகள் போதுமான அளவு இருந்தால் பெரிய ரகளை வராது. மேல்நாட்டுக் கோழிப் புத்தகங்கள் 'வசந்தத்தில் மூர்க்கம் ஏறும், இலையுதிர் காலத்தில் இறங்கும், பொறுத்திருங்கள்' என்று சொல்லும். லண்டனில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம்; பறவையின் ஹார்மோன் அந்த வெளிச்சத்தோடு ஏறி இறங்கும். வட அட்சம் எட்டு டிகிரியில் இருக்கும் நமக்கு ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம்கூட இல்லை. நாஞ்சில் நாட்டில் சாவலின் கோபம் தணியக் காத்திருக்க ஒரு பருவம் இல்லை.

இதற்கெல்லாம் முதல் மறுப்பு எளிதாக வரும்: கொஞ்சம் மூர்க்கம் இருந்தால்தானே கீரியும் மரநாயும் வல்லூறும் வரும்போது கூட்டத்தைக் காக்கும்? இது நியாயமான மறுப்பு, ஏனென்றால் காவல் சாவலின் உண்மையான வேலை. ஆனால் அந்தக் காவல் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். 1980களில் பீட்டர் மார்லரும் அவர் குழுவினரும் காட்டியது இது: வானில் வரும் எதிரிக்கு ஒரு கூப்பாடு, தரையில் வரும் எதிரிக்கு வேறு கூப்பாடு, கேட்கப் பெட்டை அருகில் இருக்கும்போது சாவல் அதிகம் கூப்பிடும், தனியாக இருந்தால் பெரும்பாலும் வாயை மூடிக்கொள்ளும். கூப்பாடு கேட்டதும் பெட்டைகள் குரோட்டன் செடிக்கடியில் பதுங்கும். காப்பாற்றுவது பெரும்பாலும் கண்ணும் தொண்டையும்தான். மூன்று கிலோ எடையுள்ள பறவை தெருநாயோடு மோதி வெல்வது அரிது, மரநாய் இரவில் வரும்போது சாவலுக்குக் கண்ணே தெரியாது. அங்கே காவல் கூட்டின் கொண்டி. ஆளைக் கொத்துவதில் கவனமாக இருக்கும் சாவல், வானத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் நம் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் மேலே பார்த்து, பருந்தின் நிழலுக்கு முதலில் குரல் கொடுப்பது எது என்று நாலு நாள் கவனித்தால் எது காவல்காரன் என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது மறுப்பு: அடித்தால் அடங்கும். இதில் ஒரு சிறு உண்மை இருப்பதால்தான் இது பிழைத்திருக்கிறது. ஒரு மோதலில் தோற்ற கோழி அடுத்த மோதலிலும் தோற்கவே வாய்ப்பு அதிகம், வென்றது வெல்லவே வாய்ப்பு அதிகம். இது பல ஆய்வுகளில் பார்த்தது. ஆனால் காலால் உதைப்பது அதன் மொழியிலேயே சவாலுக்குப் பதில் சொல்வது. உதைத்தவரிடம் அடங்கலாம், அந்த வீட்டின் அம்மாவிடமும், அடுத்த வீட்டுப் பெரியவரிடமும், மூன்று வயதுப் பிள்ளையிடமும் அது தனித்தனியாகத் தன் கணக்கைத் தொடங்கும். பயந்து ஓடுகிறவர் ஒவ்வொருவரும் அதற்கு ஒரு வெற்றி. செய்யத்தக்கது இதற்கு நடுவில் இருக்கிறது: ஓடாமல், அடிக்காமல், அது நகரும் வரை அதை நோக்கி மெதுவாக நடப்பது, தீனி போடும்போது அது முதலில் விலகிய பிறகே போடுவது. முதல் தடவை துணிந்து பார்க்கும் ஏழெட்டு மாதச் சாவலிடம் இது பலிக்க இடமுண்டு. பின்னாலிருந்து பல தடவை பாய்ந்து பழகிய இரண்டு வயதுச் சாவலிடம் இதற்கு நேரம் செலவழிப்பதைவிட மிளகு வறுத்து அரைப்பது மேல் என்பது என் எண்ணம்.

மூன்றாவதாக, குணம் வளர்ப்பில்தான் இருக்கிறது, பறவையை ஏன் குற்றம் சொல்ல வேண்டும் என்று கேட்பார்கள். வளர்ப்பின் பங்கை மேலேயே ஒத்துக்கொண்டேன். ரத்தத்தின் பங்கும் சிறிதில்லை. கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் குல், கிரெய்க் முதலானோர் வெள்ளை லெக்ஹார்ன், ரோட் ஐலண்டு ரெட் கோழிகளில் ஆதிக்கம் கூடியவற்றைத் தனியாகவும் குறைந்தவற்றைத் தனியாகவும் சேர்த்து இனம் பெருக்கினார்கள். சில தலைமுறையிலேயே இரண்டு வரிசையும் பிரிந்து நின்றதை 1965இல் எழுதினார்கள். கூட்டத்தில் ஒரே ஒரு சாவல் இருக்கும் வீட்டில் பிறக்கும் ஒவ்வொரு குஞ்சுக்கும் பாதி ரத்தம் அவனுடையது. பெட்டையை மாற்றி மாற்றிப் பார்த்துக் கவலைப்படும் நாம், கூட்டத்தின் பாதியான சாவலைக் கண்ணின் அழகுக்கு விட்டுவிடுகிறோம். மாடன் கொடைக்கு நேர்ந்துவிட்ட சாவல் இதில் தனிச் சிக்கல். நேர்ச்சை என்பதால் விற்க முடியாது, கொடை வரும் வரை அறுக்கவும் முடியாது, வாட்டசாட்டமானதைத்தான் நேர்ந்திருப்பார்கள். அது எவ்வளவு எத்தினாலும் 'சாமி கோழி' என்று வீடு பொறுத்துக்கொள்ளும், அந்த ஆண்டு முழுதும் குஞ்சுகளுக்கு அதுவே தகப்பன். நேர்ச்சைக்கு ஊறு இல்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு: நேர்ந்ததைத் தனிக்கூட்டில் நிறுத்தி, பெட்டைகளோடு வேறொன்றை விடுவது.

ஒரு கொத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று சிரிப்பவர்களும் உண்டு. 2021இல் தெலுங்கானாவில் சாவல் தன் உரிமையாளரைக் கொன்ற செய்தி உலகமெங்கும் ஓடியது; அங்கே கொன்றது காலில் கட்டிய கத்தி, சாவலின் குணத்தின்மேல் அந்தப் பழியைப் போட முடியாது. இதைவிடக் கவனிக்க வேண்டியது 2019இல் அடிலெய்டு பல்கலைக்கழகத்தின் தடயவியல் பேராசிரியர் ரோஜர் பயர்டு பதிவு செய்த இறப்பு. முட்டை எடுக்கப் போன 76 வயதுப் பெண்ணின் கீழ்க்காலில், சுருண்டு புடைத்த நரம்பின்மேல் சாவல் கொத்தியது. அந்தச் சிறிய துளையிலிருந்து ரத்தம் நிற்காமல் போனது. நம்மூரில் கோழி பார்ப்பது யார்? பெரும்பாலும் வயதான அம்மாமார், அவர்களோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் பேரப்பிள்ளைகள். பிள்ளையின் கண் இருக்கும் உயரமும் சாவல் எகிறும் உயரமும் ஒன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்தபடி நெருக்கம் இங்கேதான். நம் விளைகளில் ஒரு வீட்டின் புறவாசல் இன்னொரு வீட்டின் நடைபாதை. ஏக்கர் கணக்கில் பண்ணை வைத்திருப்பவர் ஆளைக் கொத்தும் சாவலைச் சகித்துக்கொள்ளலாம். ஐந்து சென்ட் வீட்டில் அது அயல்வீட்டாருடைய பிரச்சினையும் ஆகிவிடும். முள் கிழித்தால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு நாளாயிற்று என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சள் அப்பிவிட்டுச் சும்மா இருப்பது ஆழமான குத்துக்குப் போதாது.

கடைசியாக ஒரு கேள்வி, எல்லாவற்றுக்கும் முன்பே கேட்டிருக்க வேண்டியது: சாவல் தேவைதானா? முட்டைக்கு வேண்டாம், சாவலைப் பார்க்காத பெட்டையும் முட்டையிடும். அடை வைக்கத்தான் வேண்டும். அதற்கும் ஆண்டு முழுதும் ஒரு சாவலுக்குத் தீனி போட வேண்டிய அவசியமில்லை. பெட்டையின் முட்டைக்குழாயில் சாவலின் விந்தைச் சேர்த்து வைக்கும் நுண்ணிய பைகள் உண்டு. ஒருமுறை சேர்ந்தால் பத்துப் பன்னிரண்டு நாள், சில சமயம் இரண்டு வாரம் வரை முட்டை கரு கூடும். உறவுக்காரர் வீட்டில் பெட்டைகளிடம் பதமாக நடக்கும் ஒரு சாவல் இருந்தால் பத்து நாளைக்கு இரவல் வாங்கி விட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம்; அடைக்கு வேண்டிய பத்துப் பன்னிரண்டு முட்டை அந்தக் காலத்துக்குள் சேர்ந்துவிடும். இதே கணக்கு மறுபக்கமும் ஓடும். ஆளைக் கொத்துகிற சாவலை ஞாயிற்றுக்கிழமை குழம்பு வைத்துவிட்டு, திங்கட்கிழமை புதியதை விட்டு, அந்த வாரத்து முட்டையை அடை வைத்தால் பொரிப்பதில் பல குஞ்சுகள் பழையவனுடையதாகவே இருக்கும். மூன்று வாரம் முட்டைகளை ஆம்லெட் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, நான்காவது வாரத்திலிருந்து சேர்க்கத் தொடங்க வேண்டும்.